பன்னிரண்டாம் பட்டி

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸோர்கா குட்டிக் கொட்டகையின் கதவைத் தள்ளியபோது, வழக்கம்போல நூற்று இருபது குட்டிகளும் ஒரே குரலில் உறுமிவிட்டு அப்படியே அசையாமல் நின்றன. வந்தது யாரென்று தெரிந்துகொள்ள அவற்றுக்கு இரண்டு நொடி போதும். பிறகு ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு அவளுடைய ரப்பர் பூட்ஸை முகர்ந்து பார்க்கத் தடுப்புக் கம்பிக்கு ஓடிவரும். அன்றும் ஓடிவந்தன. ஆனால் மொத்தம் இருந்த பன்னிரண்டு பட்டிகளில் பதினொன்றிலிருந்துதான் வந்தன. கடைசிப் பட்டி வரவில்லை.

அவள் நடைபாதையின் கோடிவரை போய்ப் பார்த்தாள். பன்னிரண்டாம் பட்டிக் குட்டிகளில் பாதி, பின்சுவரோடு ஒட்டி, பிட்டத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு நாய்கள்போல உட்கார்ந்திருந்தன. பன்றிக்குட்டி காரணமில்லாமல் அப்படி உட்காராது. வெள்ளையடித்த சுவரில் முழங்கால் உயரத்துக்கு ரத்தக் கோடுகள் இழுபட்டிருந்தன. தூரிகையைத் தோய்த்து வீசியதுபோல இருந்தது. ஒரு குட்டி எழுந்து நகர்ந்தது. அதன் வாலில் பாதியைக் காணோம். இன்னொன்று சத்தமில்லாமல் அதன் பின்னால் போய், மிச்ச வாலை வாயில் கவ்வியது.

ஸோர்கா தடுப்பைத் தாண்டி உள்ளே குதித்தாள்.

தெற்கு பனாத் சமவெளியில் லாசரின் பண்ணை பெரியதென்று சொல்ல முடியாது. அறுபது தாய்ப்பன்றிகள், மூன்று கொட்டகைகள், நான்கு ஆட்கள். பதினோரு வருஷமாகத் தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் ஸோர்காவின் பொறுப்பு. குட்டி பிறந்த மூன்றாம் நாள் மின்சாரச் சூட்டுக் கத்தியால் வாலை நறுக்கிவிடுவார்கள். நாலு வாரம் ஆனதும் தாயிடமிருந்து பிரித்து, எல்லாத் தாய்களின் குட்டிகளையும் ஒன்றாகக் கொட்டி, பெரியது பெரியதோடு, சிறியது சிறியதோடு என்று பட்டிகளில் அடைப்பார்கள். பிறகு இரண்டு நாளைக்குக் கொட்டகைக்குள் காது கொடுக்க முடியாது. தாயும் இல்லை, பாலும் இல்லை, பக்கத்தில் படுத்திருப்பது யாரென்றும் தெரியாது. யாருக்கு யார் மேல் என்று தீரும்வரை அவை காதையும் தோளையும் கடித்துக் கிழித்துக்கொள்ளும். பத்து வருஷம் ஸோர்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன இலையுதிர் காலத்தில் அந்தக் காயங்கள் சீழ்பிடித்து ஒரே பட்டியில் ஒன்பது குட்டிகள் போயின. அதற்குப் பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஜனவரியில் லாசரிடம் போய்ச் சொன்னாள். கலக்க வேண்டாம். ஒரு தாய் வயிற்றுக் குட்டிகள் ஒரே பட்டியில் இருக்கட்டும், அவற்றுக்குள் யார் பெரியவன் என்பது முலை பிடித்த நாளிலேயே தீர்ந்துவிட்டது. வாலையும் வெட்ட வேண்டாம். மெல்ல வைக்கோலும் இழுக்கச் சாக்கும் கொடுத்தால் வாலைத் தொடாது.

லாசர் யோசித்துப் பார்த்து, ஒரு தடவைக்கு, ஒரே சமயத்தில் பிறந்த ஒரு தொகுதிக் குட்டிகளுக்கு மட்டும் சம்மதித்தார். லாசரின் மனைவிக்குத் தம்பி மோமிர் சிரித்தான். தாய்ப்பன்றிகளின் கொட்டகை அவன் பொறுப்பு, வால் வெட்டுகிறவனும் அவன்தான். அவனும் ஸோர்காவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். "சாக்கக் கட்டித் தொங்கவிட்டா பன்னி பாதிரியார் ஆயிடுமா?" என்று கேட்டான். பண்ணை முழுக்க அந்தப் பேச்சு ஒரு வாரம் ஓடியது.

அந்தத் தொகுதிதான் இது. பால் மறக்கவைத்து ஒன்பது நாள். நேற்று மாலைவரை எந்த வாலிலும் ஒரு கீறல் இல்லை.

கடிபட்ட நாலு குட்டிகளையும் அவள் வெளியே எடுத்து, ஊதா மருந்தைப் பீய்ச்சி, பழைய தீவன அறையில் வைக்கோல் போட்டுத் தனியாக விட்டாள். அவள் பயம் குட்டிகளைப் பற்றி மட்டும் இல்லை. லாசரிடம் சொல்லாத விஷயம் ஒன்று அவள் மனசில் இருந்தது.

பன்னிரண்டாம் பட்டிக்கு உரிய தாய் எட்டுக் குட்டிகளைத்தான் வளர்த்திருந்தது. ஐந்தாம் பட்டிக்கு வந்தவை பதினான்கு. நெருக்கடி. பிரித்த அன்று, யாரையும் கேட்காமல், ஐந்திலிருந்து மூன்றை எடுத்துப் பன்னிரண்டில் விட்டாள். அவளே போட்ட விதியை அவளே மீறினாள். இரண்டு நாள் சண்டை நடந்தது, காதில் கீறல் விழுந்தது, பிறகு அடங்கிவிட்டது. அடங்கிவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

எட்டு மணிக்கு லாசர் வந்து பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சுவரைப் பார்த்தார், கழிவு கீழே இறங்கத் துளையிட்ட தரையில் உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். பின்னால் மோமிர் நின்றிருந்தான்.

"இந்த வாரம் ஒம்போது தாய் ஈனியிருக்கு மாமா," என்றான் மோமிர். "சனிக்கிழமைக்குள்ள வெட்டினாத்தான் உண்டு. அப்புறம் குட்டி பெருசாயிடும், ரத்தம் நிக்காது. நான் கத்திய எடுத்து வைக்கட்டுமா?"

லாசர் ஸோர்காவைப் பார்த்தார். சனிக்கிழமை காலைவரை பார்க்கலாம் என்றார். அதற்குள் இது நிற்கவில்லை என்றால் பழையபடியே வெட்டு, பழையபடியே கலப்பு. இந்தப் பேச்சு இனி எழக்கூடாது. சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று பகல் முழுக்க ஸோர்கா ஓடிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று அந்நியக் குட்டிகளால்தான் வினை என்று நம்பி, மற்றவர்கள் சாப்பிடப் போனபோது அவற்றைத் தூக்கிப் பழைய தீவன அறையில் கடிபட்டவற்றோடு விட்டாள். வாலைக் கவ்விய குட்டியைக் கண்டுபிடித்து அதையும் தனியே அடைத்தாள். அது மூன்றில் ஒன்று அல்ல என்பதை அவள் கவனித்தாள். ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. புதுச் சாக்குகள் கட்டினாள், கையளவு கையளவாக வைக்கோல் தூவினாள். குட்டிகள் சாக்கை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. தீனித் தொட்டியிலும் காலையில் போட்ட தீனி பாதி அப்படியே கிடந்தது. காய்ச்சலோ என்று இரண்டு குட்டிகளுக்குச் சூடு பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கோஷவா என்று அந்தப் பக்கம் சொல்கிற பலத்த காற்று மூன்றாவது நாளாகத் தகரக் கூரையை அறைந்துகொண்டிருந்தது. கோடிச் சுவரில் குளிர்காற்று புகுகிறதோ என்று ஏணி போட்டு ஏறி, இடுக்குகளில் கந்தை அடைத்தாள். கீழே இறங்கியபோது பட்டியில் மிச்சமிருந்த மூன்று குட்டிகளும் வாலைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு நின்றன.

வியாழன் காலை பதினொன்றாம் பட்டியிலும் ரத்தம்.

அவள் தடுப்பைத் தாண்டி உள்ளே போய் எண்ணினாள். ஆறு வால்கள். ஒரு குட்டி எழுந்திருக்கவே இல்லை. வால் அடியோடு போயிருந்தது, பின்னங்கால்கள் இரண்டும் துணிபோலக் கிடந்தன. அவள் அதன் முதுகைத் தடவினாள். அது முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டு அவள் பக்கம் வரப் பார்த்தது.

கால்நடை டாக்டர் பில்யானா வெர்ஷாட்ஸ் நகரத்திலிருந்து பத்து மணிக்கு வந்தாள். வயது முப்பதுதான் என்றாலும் நிதானமான பெண். குட்டியின் பின்காலை ஊசியால் குத்திப் பார்த்தாள். அது அசையவில்லை.

"முதுகெலும்புக்குப் போயிடுச்சுக்கா," என்றாள். "இத வச்சிருக்கிறது பாவம்."

ஸோர்கா குட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். எட்டுக் கிலோகூட இருக்காது. மற்ற குட்டிகள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தன. பில்யானா போட்ட ஊசி மருந்து ஏறும்வரை அவள் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு, தாயின் வயிற்றில் முட்டுவதுபோல அவள் மேலங்கியில் இரண்டு தடவை முட்டியது. பிறகு முட்டவில்லை.

பில்யானா கையைக் கழுவிக்கொண்டே கேள்விகள் கேட்டாள். தீனி மாறியதா, சூடு எவ்வளவு, யாரையாவது கலந்தீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் ஸோர்கா வாசல் பக்கம் பார்த்தாள். லாசர் பக்கத்தில் இல்லை. பன்னிரண்டில் மூன்று குட்டிகள் கலந்ததைச் சொன்னாள். முதலாளிக்குத் தெரியாது என்றும் சொன்னாள்.

"பதினொண்ணுல?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஒரே வயிறு."

"அப்ப கலந்ததுதான் காரணம்னு எப்படிச் சொல்வீங்க? பக்கத்துப் பட்டிய எட்டிப் பாத்தா கத்துக்கிட்டுச்சு?" பில்யானா தலையை ஆட்டினாள். "கலந்தா முதல் ரெண்டு நாள்தான் கலவரம், அதுவும் காதுலயும் தோள்லயும். இது ஒம்போதாம் நாளு, வாலு. இதுங்களுக்கு எதுவோ கிடைக்கல. கிடைக்கிறது எது கிடைக்காதது எதுன்னு வெளிய நின்னு பாத்தா தெரியாது. உள்ள போய் உக்காருங்க. ஒரு நாள் முழுக்க வேற வேலையத் தொடாதீங்க."

மோமிர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது நடக்காது. அவளுடைய மற்ற வேலைகளை யாராவது பார்க்க வேண்டும். கேட்கப் போனபோது அவன் ஈன்ற பன்றிகளுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தான். நாளைக்கு ஒரு நாள் ஒன்றிலிருந்து பத்துவரை தீனி போட முடியுமா என்று கேட்டாள். அவன் வாளியை வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"பன்னிக்கூட உக்காந்து என்ன பேசப் போற?"

"பேசல. பாக்கப் போறேன்."

"நல்லாப் பாரு. சனிக்கிழமை நான் பாத்துக்கிறேன்," என்றான். ஆனால் தீனி போட ஒத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸோர்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் பதினொன்றாம் பட்டிக்குள் உட்கார்ந்தாள். முதல் ஒரு மணி நேரம் குட்டிகள் அவளைத்தான் ஆராய்ந்தன. பூட்ஸைக் கடித்தன, சட்டை நுனியை இழுத்தன. பிறகு அவள் அங்கிருப்பதை மறந்துபோயின. நெருங்கிப் படுத்துத் தூங்கின, எழுந்தன, மூத்திரம் பெய்தன, மறுபடி தூங்கின. வழக்கம்போலக் குழாயையும் சோதித்தாள். இந்தக் குட்டிகளுக்குத் தண்ணீர் தொட்டியில் இல்லை, சுவரில் பதித்த குழாயின் நுனியை வாயால் கடித்தால் வரும். விரலால் அழுத்தினாள். வந்தது. ஒவ்வொரு காலையும் இப்படித்தான் சோதிப்பாள், ஒவ்வொரு காலையும் வரும்.

பதினோரு மணிவரை எதுவும் நடக்கவில்லை. அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. தான் செய்வது பைத்தியக்காரத்தனமோ என்று தோன்ற ஆரம்பித்தது. மோமிர் இரண்டு தடவை நடைபாதையில் போனான். அவன் நடையே கேலிபோல இருந்தது.

பகல் ஒன்றரைக்கு அவன் மத்தியானத் தீனியைப் போட்டான். கொட்டகை முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. பத்து நிமிஷம் நொறுக்கும் சத்தம். உலர்ந்த தீனி, தின்றதும் எல்லாமே தண்ணீருக்கு ஓடும். முதல் பட்டியிலிருந்து வரிசையாகக் குழாய்கள் கடகடவென்று அடிக்கும் ஓசையை அவள் கேட்டாள். அவளிருந்த பட்டியில் ஒரு பெண்குட்டி குழாயைக் கவ்வியது. கடித்தது. விட்டது. மறுபடி கவ்வித் தலையை ஆட்டிக் கடித்தது. பின்னால் நான்கு குட்டிகள் நெருக்கின. முன்னால் நின்றது நகரவில்லை. நெருக்கியதில் ஒன்று வேறு வழியில்லாமல் முன்னே நின்றதன் வாலை வாயில் வாங்கியது. முதலில் மெல்லத்தான் செய்தது. பிறகு இழுத்தது.

ஸோர்கா எழுந்து குட்டிகளை விலக்கி விரலால் குழாயை அழுத்தினாள்.

மூன்று சொட்டு. அப்புறம் ஒன்றுமில்லை.

அடுத்த பட்டிக்குத் தாண்டினாள். பன்னிரண்டில் சொட்டுகூட இல்லை. பத்தாம் பட்டியில் நூல்போல வந்தது. ஐந்தாம் பட்டியில் பீய்ச்சியடித்தது. காலையில் எல்லாம் தூங்கும்போது அவள் விரல் ஒன்றுதான் கேட்கும், அதற்கு வேண்டிய தண்ணீர் இருக்கும். தின்றுவிட்டு எல்லாம் ஒன்றாகக் கேட்கும்போது கோடியில் இருப்பவற்றுக்கு எதுவும் மிஞ்சவில்லை. பத்து நாளாக அந்த இரண்டு பட்டியும் தாகத்தில் கிடந்திருக்கின்றன. தீனி மிஞ்சியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். வாய் உலர்ந்தவன் எப்படித் தின்பான் என்று அப்போது தோன்றவில்லை.

குழாய் அறை தாய்ப்பன்றிகளின் கொட்டகையை ஒட்டி இருந்தது. அவள் ஓடினாள். குட்டிக் கொட்டகைக்குப் போகும் பெரிய வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது. அது தானாக மூடிக்கொள்ளாது. அந்த அறையின் சாவி மோமிர் இடுப்பில் தொங்கும், பகலில் கதவு திறந்தே கிடக்கும். அவள் தலைக்குள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன. பாதிரியார் பேச்சு, எடுத்து வைத்த கத்தி, சனிக்கிழமை.

முற்றத்தில் லாசரும் மோமிரும் டிராக்டர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவள் நேராக மோமிரிடம் போனாள்.

"வால்வ நீதான மூடின?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த வால்வு?"

"நடிக்காத மோமிர். நான் தோக்கணும்னா என்கிட்ட மோது. வாயில்லாத ஜீவனத் தாகத்துல போட்டு ஒண்ணையொண்ணு தின்ன வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

மோமிரின் முகம் செக்கச் சிவந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் லாசர், "நான்தான் மூடினேன்," என்றார்.

காற்று இரைச்சலில் தனக்குத் தப்பாகக் கேட்டதோ என்று ஸோர்கா நினைத்தாள். அவர் மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு. கழிவுக்குழி விளிம்புவரை வந்துவிட்டது. வயலெல்லாம் சேறு, கழிவை உரமாகத் தெளிக்கும் டேங்கர் வண்டியை இறக்க முடியாது. குட்டிகள் விளையாட்டாகக் குழாயைக் கடித்துக் கீழே விடுகிற தண்ணீர்தான் குழியை நிரப்புகிறது என்று நினைத்து, பால் மறக்கவைத்த மறுநாள் வால்வைத் திருகியிருக்கிறார். காலையில் வந்து ஒரு குழாயை அழுத்திப் பார்த்தாராம். வந்ததாம்.

"எந்தக் குழாய்?" என்றாள் ஸோர்கா.

"வாசப்பக்கம். மொதல் பட்டி."

ஸோர்கா கொட்டகையின் மறுகோடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே முதலாளி. நேத்து ஒரு குட்டிய என் மடியில வச்சுக் கொன்னோம்."

"தெரியும்," என்றார் லாசர்.

அவளும் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் இருந்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மூன்று குட்டிகள் விஷயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். பில்யானா சொல்லமாட்டாள். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே தன்மேல் கூச்சமாக இருந்தது.

"நானும் ஒண்ணு மறைச்சேன்," என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தாள். எந்தப் பட்டியிலிருந்து எடுத்தாள், எந்த நாள், புதன்கிழமை எப்படித் திருட்டுத்தனமாகத் திரும்ப எடுத்தாள், எல்லாம். லாசர் கேட்டுக்கொண்டார். அவர் கோபித்தாரா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மோமிர்தான் பேசினான். "ரெண்டு பேரும் பாவமன்னிப்பு கேட்டு முடிச்சாச்சுன்னா, யாராவது போய் அந்தத் தண்ணியத் தொறங்க. இல்ல அதுக்கும் நான்தான் போகணுமா?"

சொல்லிவிட்டு அவனே போனான். வால்வு முழுக்கத் திறந்தபோது பன்னிரண்டாம் பட்டியின் குழாய் காற்றைக் கக்கி, பழுப்பாகத் துப்பி, பிறகு தெளிந்தது. அங்கே மிச்சமிருந்த மூன்று குட்டிகளும் அதன் அடியிலிருந்து நகரவே இல்லை. பதினொன்றில் அடிதடியாக இருந்தது. ஸோர்கா அகலமான சட்டிகள் இரண்டில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தாள். குட்டிகள் முகத்தை முக்கி, மூச்சுமுட்டத் தும்மித் தும்மிக் குடித்தன.

ஆனால் தண்ணீர் திறந்தால் குழி வழியும். இந்தச் சேற்றில் இன்னும் நான்கு நாளில் வழிந்து வாய்க்காலுக்குப் போய்விடும். பக்கத்து ஸ்வெதோசாரின் பண்ணையில் குழி பாதி காலி, போன வருஷம் மாடுகளை விற்றுவிட்டார். இது எல்லாருக்கும் தெரியும். லாசரும் அவரும் எல்லைக் கல் விவகாரத்தில் ஆறு வருஷமாக முகம் பார்ப்பதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். மூன்று மணிக்கு லாசர் முகம் கழுவி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, காற்றுக்கு எதிராகக் குனிந்து சாலையில் நடந்து போவதை ஸோர்கா கொட்டகை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினார். பிளம் சாராய வாடை அடித்தது. நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்வெதோசாரின் வண்டியே வந்து கழிவை அவர் குழிக்கு எடுத்துப்போகும் என்றார்.

சனிக்கிழமை காலை ஸோர்கா ஐந்தரைக்கே வந்துவிட்டாள். பன்னிரண்டில் புதுக் காயம் இல்லை. பதினொன்றில் ஒன்று இருந்தது. ருசி கண்ட ஒரு குட்டி, தண்ணீர் வந்த பிறகும் விடவில்லை. அதைப் பிடித்துத் தனியே அடைத்தாள். நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, நிற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. லாசரிடம் இருப்பதை அப்படியே சொன்னாள்.

அவர் தாய்ப்பன்றிகளின் கொட்டகைக்குள் நடந்தார். ஒன்பது தாய்களும் ஒருக்களித்துக் கிடந்தன, குட்டிகள் இரண்டு வரிசையாக முலையில் தொங்கிக்கொண்டிருந்தன. மோமிர் கத்தியின் ஒயரைச் செருகியிருந்தான், அதன் நுனி சிவந்திருந்தது. லாசர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய் வந்தார்.

"இடது பக்கம் நாலையும் வெட்டு," என்றார் மோமிரிடம். "வலது பக்கம் அஞ்சையும் விடு."

ஸோர்கா வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அஞ்சு உனக்கு. எதையாவது மாத்தணும்னா மொதல்ல என்கிட்ட சொல்லு. நானும் சொல்றேன்."

நாலு தாய்களின் குட்டிகளுக்கும் வாலை வெட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஸோர்கா வெளியே போகவில்லை. குட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் ஒரு தடவை கத்தியது, சிலவற்றுக்கு அந்த ஒரு கத்தலே நீளமாக இருந்தது. தீய்ந்த மயிர் நாற்றம் அடித்தது. மோமிர் வேகமாக, கை தவறாமல் செய்தான். கடைசிக் குட்டியைத் தாயிடம் விட்டபின் அவன் ஒயரைப் பிடுங்கினான்.

"நேத்து உன்னப் பேசினது தப்பு," என்றாள் ஸோர்கா. "நீதான்னு அடிச்சுச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

அவன் கத்தி ஆறட்டும் என்று அதைக் கல்லின்மேல் வைத்தான்.

"மூணாங் கிளாஸ்ல மசிக்குப்பிய ஒடச்சதும் நான்தான்னு சொன்ன," என்றான். "அப்பயும் நான் இல்ல."

"அது யாரு?"

"அத இப்பச் சொல்லி என்ன ஆகப் போகுது." அவன் கையுறையைக் கழற்றினான். "இனிமே மத்தியானத் தீனி நான் போடறேன். நீ போய்க் கோடிப் பட்டிக் குழாயப் பிடிச்சுக்கிட்டு நில்லு. நிமிஷத்துக்கு எவ்வளவு வருதுன்னு ஒரு கிளாஸ்ல அளந்து சத்தமாச் சொல்லு. எனக்கும் காது கேக்கணும்."

பத்து மணிக்கு ஸ்வெதோசாரின் டேங்கர் வண்டி முற்றத்துக்குள் நுழைந்தது. லாசர் கழிவு உறிஞ்சும் குழாயைத் தூக்கிக்கொண்டு எதிரே போனார். மோமிர் மறுமுனையைப் பிடிக்க ஓடினான். ஸோர்கா மறுபடி குட்டிக் கொட்டகைக்குப் போனாள். தனியே கிடந்த கடிபட்ட குட்டிகளுக்கு இன்னும் மருந்து போடவில்லை, போட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.